சந்தனம் பட்ட வயர்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்னிலையில், 17.10.2025 வெள்ளிக்கிழமை காலை 11.20 மணிக்கு, தேவஇரக்கம் என்பவர் தாமாக வந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயர் தேவஇரக்கம். தகப்பனார் பெயர் பொன்னையா, காலமாகிவிட்டார். எனக்கு வயது 58. ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோட்டில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள லைன் வீட்டில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தொழில் வயர்மேன். படிப்பு எட்டாம் வகுப்பு பாஸ், ஒன்பதில் மூன்று மாதம் போனேன். படிப்பு அவ்வளவுதான் என்றாலும் ராஜபாளையத்தில் எந்த மில்லில் மெயின் போர்டைத் திறந்தாலும் உள்ளே என் கை ஓடியிருக்கும், தென்காசி வரைக்கும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஒரு தடவை தாசில்தார் ஜீப் நடு ரோட்டில் நின்றபோது பேனா ரீபிளில் இருந்த ஸ்பிரிங்கை வைத்து ஓட வைத்தவன் நான், சுற்றி ஆயிரம் பேர் நின்று பார்த்தார்கள். இது வழக்குக்கு வேண்டாம் என்று ஐயா சொல்கிறார்கள். சரி, எழுத்தர் எழுதிவிட்டார், இருக்கட்டும்.

நான் எதையும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே திரும்பும் என்றும் நடுவர் ஐயா நேற்று ஒரு தடவையும் இன்று ஒரு தடவையும் எடுத்துச் சொன்னார்கள். அறையில் போலீஸ்காரர் யாரும் இல்லை. யோசிப்பதற்கு ஒரு ராத்திரி கொடுத்தார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. என் தங்கை ஏசம்மாளுக்குக்கூட நான் இங்கே வந்திருப்பது தெரியாது.

நான் கடந்த பதினோரு வருடமாக சத்திரப்பட்டி ரோட்டில் உள்ள பொன்னுராஜ் முதலாளியின் பிளீச்சிங் யூனிட்டில் வேலை பார்த்து வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஞ்சும் பேண்டேஜ் துணியும் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. வெளுத்த கழிவுத் தண்ணீர் எல்லாம் பின்பக்கம் உள்ள தரையடித் தொட்டிக்குப் போகும். தொட்டி பத்தடி ஆழம். அதில் காற்று அடிக்கிற புளோவர் நின்றுவிட்டால் அடியில் உள்ள கசடு புளித்து விஷ வாயு கிளம்பும். இது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு ஊரில் இப்படி நடந்ததாகப் பேப்பரில் வந்ததும் முதலாளி பயந்துபோய், வாயுவை அளக்க ஒரு மெஷின் வேண்டும் என்றார். நான் உடனே, அது என்ன பெரிய விஷயம், நான் செய்து தருகிறேன் என்று சொன்னேன். சொன்னது நான். செய்தது என் தங்கை மகள் ஷெரின்.

ஷெரினுக்கு வயது 24. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிய கடை வைத்து இந்த மாதிரி போர்டு வேலைகள் செய்து வருகிறாள். அவள் செய்து கொடுத்த மெஷின் என்பது தீப்பெட்டி அளவு உள்ள ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் தொட்டி ஷெட்டின் சுவரில் திருகியிருந்தாள். அதிலிருந்து ஒரு சென்சார் வயரில் தொங்கித் தொட்டிக்குள் இறங்கும். பக்கத்தில் மேஜை மேல் ஒரு பழைய லேப்டாப். போர்டுக்கு வைஃபை கிடையாது, தனிக் கரண்டும் கிடையாது. ஒரே ஒரு யூஎஸ்பி வயர்தான் போர்டையும் லேப்டாப்பையும் நெட்வொர்க்காகச் சேர்த்து வைத்தது. லேப்டாப்பில் ஒரு பக்கம் திறந்திருக்கும், அதில் வாயு எத்தனை என்ற நம்பர் பெரிதாகவும், மூலையில் மணி பொடியாகவும் ஓடும். நம்பர் பத்தைத் தாண்டினால் தொட்டி மூடியையே தொடக் கூடாது.

மாட்டிக் கொடுத்த அன்று அந்த வயரில் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டே ஷெரின் என்னிடம் சொன்னாள்: "மாமா, வயரு இது ஒண்ணுதான். இதுலதான் கரண்டும் போகும், நெட்வொர்க்கும் போகும். போன் சார்ஜர் வயரு எதையாச்சும் மாட்டுனீங்கன்னா லைட்டு எரியும், ஆனா போர்டு ஊமையாயிரும். எப்பவும் மொதல்ல மூலையில டைம் ஓடுதான்னு பாருங்க. பொறவுதான் நம்பரு."

அவள் சொன்னபோது நான் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சோலைச்சாமிக்கு இது எப்படி என்னுடைய ஐடியாவில் பிறந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்த மெஷினை நான் கண்டுபிடித்ததாகவும் ஷெரின் எனக்குக் கூடமாட ஒத்தாசை செய்ததாகவும்தான் யூனிட்டில் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அந்தப் பிள்ளை ஒரு நாளும் மறுத்துப் பேசியது இல்லை.

அதன் பிறகு 30.09.2025 செவ்வாய்க்கிழமை மாலையோடு ஆயுத பூஜைக்காக வேலை நிறுத்தப்பட்டது. அன்று மாலை மெஷினில் நம்பர் சைபராக இருந்தது. நான் பார்த்துவிட்டு லேப்டாப்பை அணைக்காமல் மூடி மட்டும் வைத்தேன். புளோவரையும் நிறுத்தி, கழுவி, துடைத்தோம்.

அதன் பிறகு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் ரூமில் பூஜை நடந்தது. நான் கிறிஸ்தவன் என்றாலும் வேலை செய்கிற இடத்து வழக்கத்தை மதிக்கிறவன், பொரி கடலையை முதலில் வாங்குவதும் நான்தான். அவரவர் ஆயுதத்தைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் உள்ள மூங்கில் சுளகில் வையுங்கள் என்று சோலைச்சாமி சொன்னார். மற்றவர்கள் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கத்தரி என்று வைத்தார்கள். நான் அதே பிளேயரை வைத்தால் எனக்கும் மற்றவனுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்து, ஷெட்டுக்குப் போய் போர்டிலிருந்து சிவப்பு டேப் சுற்றிய அந்த வயரைக் கழற்றிக்கொண்டு வந்து, இதுதான் என் ஆயுதம் என்று சொல்லிச் சுளகில் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சோலைச்சாமி அதன் தலையில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். சுளகோடு சேர்த்து என் போனில் படம் எடுத்து நானே ஸ்டேட்டஸ் போட்டேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. போனை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரைக்கும் எடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். மறுபூஜைக்கு வியாழக்கிழமை காலை பத்தரை மணி என்று குறித்திருந்தார்கள்.

அதன் பிறகு 02.10.2025 வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் யூனிட்டுக்குப் போனேன். தொட்டியில் உள்ள மோட்டாரின் அடி வால்வில் பஞ்சு அடைத்திருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்று சோலைச்சாமி சொன்னார். பத்தரைக்கு மறுபூஜை முடிந்ததும் நல்ல நேரத்தில் மோட்டாரைப் போட வேண்டும், முதலாளி வந்து சுவிட்சைத் தட்டுவார், அதற்குள் யாரையாவது இறக்கிப் பஞ்சை எடுத்துவிட்டால் நல்லது என்றும் சொன்னார். எட்டரை மணிக்கு நான் ஷெரினுக்குப் போன் செய்தேன். அவள், பத்தரைக்குப் பஸ்ஸில் வந்துவிடுவதாகவும் அதுவரை யாரையும் இறக்கக் கூடாது என்றும் சொன்னாள். அதை நான் சோலைச்சாமியிடம் சொன்னேன். அவர், "அப்ப ஷெரின் வரட்டும். ஒமக்கு அதெல்லாம் தெரியாதுல்ல," என்றார்.

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அரை மணி நேரத்தில் நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனேன்.

போனதும்தான் வயர் பூஜையில் இருப்பது ஞாபகம் வந்தது. ஆபீஸ் ரூம் வாசல் வரைக்கும் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வேறு வேதத்துக்காரன், அவர்கள் சாமிக்கு முன்னால் வைத்ததை நேரத்துக்கு முன்னால் எடுத்தேன் என்ற பேச்சு வரக் கூடாது என்று கை வைக்காமல் திரும்பினேன். அதன் பிறகு என் பையிலிருந்த போன் சார்ஜர் வயரை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வயர். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. இரண்டு முனையும் அதே மாதிரி இருந்தன. மாட்டினேன், பொருந்தியது. போர்டில் பச்சை லைட் எரிந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். அதே பக்கம் வந்தது, பெரிதாகச் சைபர் என்று இருந்தது. என் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. சைபரைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்று நான் போடவில்லை.

தொட்டியில் இறங்குவதற்கு இருளப்பசாமி வந்தார். அவருக்கு வயது 43, வத்திராயிருப்புப் பக்கம் ஊர், பேண்டேஜ் மடிக்கிற செக்ஷனில் வேலை. பூஜைக்குத் தேங்காய் ஒரு சாக்கு அவர்தான் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். கம்பெனியில் கொடுத்த புதுச் சட்டை போட்டிருந்தார். அதை அழுக்காக்கக் கூடாது என்று கழற்றி நான்காக மடித்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார். பையில் வீட்டுக்குக் கொண்டுபோக வைத்திருந்த பொரிப் பொட்டலம் இருந்தது. அது நசுங்காமல் மேல்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வைத்தார். பாதுகாப்புப் பெல்ட்டும் முகமூடியும் முதலாளி ரூமில் பூட்டியிருந்தன. சாவிக்கு யாரும் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை.

இருளப்பசாமி எப்போதும் என்னைக் கேலி செய்கிறவர். நான் கண்ணைச் சுருக்கி லேப்டாப்பைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "சைபரா, எட்டா? கண்ணாடியப் போட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணாச்சி," என்றார்.

நான், "ஏலே, சைபரு எனக்கு ரோட்டுல நின்னாலே தெரியும். எறங்கு," என்றேன்.

அவர் டார்ச்சை இடது கையில் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினார். நான்கு படி இறங்கியதும் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது என்று சொன்னார். நான் மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்தேன். சைபர்தான். இரண்டு படி போனதும், இப்போது வாடை இல்லை என்று சொன்னார். "அதான் சைபர்னேன்ல," என்று நான் சொன்னேன். டார்ச் விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டார்ச் தண்ணீருக்குள் எரிந்துகொண்டே கிடந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அப்போது மணி 9.12. அதிக வாயு இருந்தால் வாடையே தெரியாமல் மூக்கு மரத்துப்போகும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் சத்தம் போட்டேன். சோலைச்சாமியும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். ஒருவர் ஏணியில் கால் வைத்தார், சோலைச்சாமி அவரை இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். நான் தொட்டி விளிம்பில் நின்றேன். நான் ஏணியில் கால் வைக்கவில்லை. தீயணைப்புக்குப் போன் போட்டது சோலைச்சாமி.

அதன் பிறகு வண்டிக்கு வழி காட்ட எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். மூலையில் மணி 4.40 என்று நின்றிருந்தது. அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமைத் தேதி. நான் அன்று மூடி வைத்தபோது இருந்த பக்கம் அது. இரண்டு நாளைக்கு முந்தைய சைபரைப் பார்த்து ஓர் ஆளைக் கீழே அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதே விளங்கியது.

அதன் பிறகு நான் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை. விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. சுளகில் கை விட்டு அந்த வயரை எடுத்தேன். மறுபூஜை நடக்கவில்லை. வயரின் தலையைக் கைலியில் துடைத்தேன், மேலே இருந்த குங்குமம் போனது, இடுக்கில் இருந்த சந்தனம் போகவில்லை. ஷெட்டுக்கு வந்து என் சார்ஜர் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இதை மாட்டினேன். போர்டு உயிர் பிடிக்க முக்கால் நிமிடம் ஆகும். நின்று பார்த்தேன். பக்கம் புதிதாக வந்தது. மணி 9.31 என்று ஓட ஆரம்பித்தது. நம்பர் அறுபது வந்தது, நூற்று நாற்பது வந்தது, இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. நான் லேப்டாப்பை மூடினேன். பக்கத்தில் அவர் சட்டை இருந்தது.

9.40-க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. 9.55-க்கு இருளப்பசாமியை மேலே தூக்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்தரை மணிக்கு ஷெரின் கேட்டில் வந்து நின்றாள்.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் ஐயா விசாரித்தபோது, மெஷின் சைபர் காட்டியது என்றும், ஷெரின் மாட்டிய அதே வயர்தான் முதலிலிருந்து மாட்டியிருக்கிறது என்றும் சொன்னேன். மெஷினைச் செய்தது யார் என்று கேட்டார். இரண்டு வருடமாக நான் நான் என்று சொல்லித் திரிந்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஷெரின் என்று சொன்னேன். வாயு இருந்தும் மெஷின் சைபர் காட்டியதால் அவள் கொடுத்தது ஏமாற்று மெஷின் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். வயர் சுளகில் இருந்ததைப் பார்த்தவர்களும் முதலாளிக்குப் பயந்து அதைச் சொல்லவில்லை. நான்காம் தேதி ஷெரினைக் கைது செய்தார்கள். முதலாளியும் சோலைச்சாமியும் ஜாமீனில் இருக்கிறார்கள், என்னைச் சாட்சியாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். அவள் மதுரையில் பெண்கள் சிறையில் இருக்கிறாள்.

போலீஸ் கைப்பற்றிய பொருள்களை எழுதிய மகஜரில் சிவப்பு டேப் சுற்றிய கருப்பு வயர் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். சந்தனத்தைப் பற்றி எழுதவில்லை. பொருளை எடுத்துத் தலைப்பக்கம் உள்ள இடுக்கைப் பார்த்தால் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து மாட்டியே கிடந்த வயரில் புதன்கிழமைச் சந்தனம் எப்படி வரும்?

இருளப்பசாமியின் மனைவி மாரிக்கனியிடம் அந்தச் சட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று அந்த அம்மாள் கேட்டார். நான் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்ததாகவும், பாதித் தூரம் தூக்கி வந்ததாகவும், அவர் என் தோளில் சாய்ந்து அந்த அம்மாளின் பெயரைச் சொன்னதாகவும் சொன்னேன். எழவு வீட்டில் அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது பொய். அவர் கடைசியாகச் சொன்னது வாடை இல்லை என்பதுதான்.

நேற்று 16-ம் தேதி காவல் நீட்டிப்புக்காக ஷெரினை இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வராந்தாவில் பெண் காவலர் இரண்டு நிமிடம் பேச விட்டார். அவள் அழவில்லை, வீட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. "மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மூலையில டைம் ஓடுச்சா?" என்று கேட்டாள்.

"ஓடுச்சும்மா," என்றேன்.

அவள், "அப்ப புரோகிராம்லதான் எங்கயோ விட்டுட்டேன். அந்த மனுசன நாந்தான் கொன்னுட்டேன் மாமா," என்றாள். பெண் காவலர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று நம்புகிற ஒரே ஆள் அந்தப் பிள்ளை. அதன் பிறகு நான் வீட்டுக்குப் போகாமல் நேராக எழுத்தரிடம் வந்து மனு கொடுத்தேன்.

அந்த வெள்ளைச் சார்ஜர் வயரை இப்போது ஒப்படைக்கிறேன். சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பதினைந்து நாளும் இதில்தான் போனுக்குச் சார்ஜ் போட்டேன். இதை அந்தப் போர்டிலும் ஒரு லேப்டாப்பிலும் மாட்டிப் பார்த்தால் போர்டில் லைட் எரியும், பக்கம் வராது.

ஐயா இதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள், எழுத்தர் படித்தார். ஜீப்பைச் சுற்றி ஆயிரம் பேர் நின்றார்கள் என்பதை முப்பது பேர் என்று திருத்தச் சொன்னேன். பிறகு அதுவும் கூடுதல், டிரைவரும் டீக்கடைக்காரரும்தான் நின்றார்கள் என்று சொன்னேன், அப்படியே திருத்திக்கொள்ளலாம். எந்த மில்லில் திறந்தாலும் என் கை என்பதையும் அடித்துவிடலாம். வியாழக்கிழமை காலையிலிருந்து உள்ளதில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு ஜாமீன் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். இதில் ஒரு வரியை ஷெரினுக்குப் படித்துக் காட்ட வேண்டும். டைம் ஓடவில்லை, 4.40-லேயே நின்றிருந்தது என்ற வரி. மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் கேட்டதாக எழுதிக்கொள்ளலாம் என்று ஐயா சொன்னார்கள். எழுதப்பட்டது.

திருத்தியது போக மேலே உள்ளவை என் வாயால் நானே சொன்னவை, நடந்தவை. படிக்கக் கேட்டு, கண்ணாடி போட்டு நானும் ஒரு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
பொ. தேவஇரக்கம்
17.10.2025, பகல் 1.05 மணி